நேசித்தது நம்முடையதா?

மனத்துக்குப் பிடித்த கதை முடிந்ததும் ‘இன்னும் சற்று நீளக் கூடாதா?’ என்று ஏங்காத மனிதர் இல்லை. ஆனால் அந்த நீட்சி உண்மையிலேயே வந்து சேரும்போது அதை முகமலர்ச்சியோடு வரவேற்பவர் மிகச் சிலரே. கேட்டவரும் நாமே, கிடைத்ததும் முகம் சுளிப்பவரும் நாமே. மனித இதயத்தின் இம்முரண்பாடு இன்று வெகு தெளிவாகக் காணக் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. நம்மில் மூத்தோர் பலர் எட்டியும் பார்த்திராத வீடியோ கேம் உலகமே அது. அங்கே புகழ்பெற்ற விளையாட்டு ஒன்றுக்குத் தொடர்ச்சியோ கிளைக்கதையோ வெளிவரும்போதெல்லாம் இரசிகர்களிடையே பெரும் கொந்தளிப்பு எழுகிறது. ‘வெறும் பொழுதுபோக்குத்தானே, இதில் என்ன அறநெறி?’ என்று நாம் தள்ளிவிட வேண்டாம். ஒன்றை நேசிப்பதால் அதன்மீது நமக்கு எவ்வளவு உரிமை பிறக்கிறது என்னும் பழைய கேள்விதான் அங்குப் புதிய உடையில் வந்து நிற்கிறது.

ஆடுபவரும் கதைமாந்தரே

வீடியோ கேம்களுள் ‘ரோல் பிளேயிங் கேம்’ என்பது தனி வகை. ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் பாத்திரத்தைத் தாமே ஏற்று, நெடிய கதை ஒன்றின் ஊடே பயணம் செய்கிறார். ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1997-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேண்டசி 7’ இதற்கு நல்ல சான்று. மூன்று குறுந்தகடுகளில் விரிந்த அக்கதையை முடிக்க ஏறத்தாழ 40 மணி நேரம் தேவைப்படும். முதல் தகட்டின் இறுதியில், ஏரித் என்னும் பூ விற்கும் பெண் ஆடுபவரின் கண்ணெதிரே கொல்லப்படுகிறாள். அதுவரை அவளோடு நடந்து, அவளுக்கு வேண்டிய கருவிகளைத் தேடித் தந்து, ஆபத்துகளில் அவளைக் காத்து வந்தவர் ஆடுபவரே. எனவே அந்தச் சாவு ‘அவளுக்கு நேர்ந்தது’ என்பதோடு நிற்காமல் ‘எனக்கு நேர்ந்தது’ ஆகிவிட்டது. அவளை மீட்டெடுக்கும் மறைவழி ஏதேனும் உண்டா என்று பல நாடுகளின் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் தேடினர். அப்படி ஒரு வழி அந்த விளையாட்டில் இல்லவே இல்லை.

நூலை வாசிப்பவர் கதையைப் பின்தொடர்கிறார்; இங்கே ஆடுபவரோ கதையை முன்நடத்துகிறார். அவர் கை அசையாவிட்டால் நாயகன் ஓர் அடியும் எடுத்து வைக்க மாட்டான். ஆகவே ‘இது என் கதையும்கூட’ என்று அவர் சொல்வதில் பொருள் உண்டு. அதை ஏளனம் செய்வது முறையன்று. ஆனால் ‘என் கதையும்கூட’ என்பதற்கும் ‘என் உடைமை’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. கோபம் அந்தத் தொலைவை ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

தொடர்ச்சி தந்த காயம்

2001-இல் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேண்டசி 10’-இன் நாயகி யூனா, தன் உலகை அழிவினின்று காக்கத் தன் உயிரையே கையளிக்கத் துணிந்து நெடும்பயணம் மேற்கொண்ட இளம்பெண். தான் நேசித்தவனை இழந்த துயரத்தோடு அக்கதை முடிகிறது. 2003-இல் அதற்கு ஒரு தொடர்ச்சி வந்தது. அந்த வரிசையில் ஒரு கதைக்கு எழுந்த முதல் நேரடித் தொடர்ச்சி விளையாட்டு அதுவே. இரண்டு ஆண்டுகள் கழித்து நடப்பதாகச் சொல்லப்பட்ட அதில் பாடலும் ஆடலும் உடைமாற்றமும் நிறைந்திருந்தன. ‘எங்கள் யூனாவை இழிவுபடுத்திவிட்டனர்’ என்று வருந்தியவர் பலர். அவர்களது வருத்தம் புரிகிறது. ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சாவுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த ஒரு பெண் உயிர் பிழைத்த பின் சிரிக்கக் கூடாதா? அவள் என்றென்றும் கண்ணீரோடு கடற்கரையில் நிற்க வேண்டும் என்று கேட்பது அவள்மீது கொண்ட அன்பா, அல்லது அவள் கண்ணீர் நமக்குத் தந்த இனிமையின் மீது கொண்ட அன்பா?

‘குரோனோ ட்ரிக்கர்’ பற்றிய மனக்குறை இதனினும் ஆழமானது. 1995-இல் வெளிவந்த அவ்விளையாட்டில் நண்பர்கள் சிலர் காலத்தினூடே பயணம் செய்து, வரவிருக்கும் உலகப் பேரழிவைத் தடுத்து நிறுத்துகின்றனர். 1999-இல் அதே எழுத்தாளர் மசாட்டோ காட்டோவின் கதையமைப்பில் ‘குரோனோ கிராஸ்’ வந்தது. முன்கதையின் நாயகர்கள் காத்த நாடு பின்னர் வீழ்ந்துவிட்டதாகவும், அந்த நாயகர்களுக்கும் நல்ல முடிவு வாய்க்கவில்லை என்றும் அது உணர்த்தியது. திறனாய்வாளர் பலர் அதைப் பாராட்டினர். முதற்கதையின் அன்பர்களோ இன்றுவரை இரு பிரிவாய் நிற்கின்றனர். ‘நாங்கள் அரும்பாடுபட்டுக் காத்ததை இப்படிப் பாழாக்கலாமா?’ என்பது ஒரு சாராரின் கேள்வி. நாட்டைக் காத்தது படைப்பாளர் அல்லர், ஆடியவர்களே என்ற உணர்வு இக்கேள்வியில் ஒலிக்கிறது.

எது கடன்? எது எதிர்பார்ப்பு?

அறநெறியியல் ஒரு பயனுள்ள வேறுபாட்டை நமக்குக் கற்றுத் தருகிறது. நீதியின் பெயரால் நமக்கு வரவேண்டிய கடன் ஒன்று. பிறரது நன்மனத்தால் நமக்கு வந்து சேரும் கொடை மற்றொன்று. கொடுத்த வாக்கு கடனாகிறது. அதை நிறைவேற்றாதவரைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. நாமாக வளர்த்துக்கொண்ட எதிர்பார்ப்பு கடனாகாது. அது நிறைவேறாதபோது வருந்தலாம், வழக்காட இயலாது.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் ‘மாஸ் எஃபெக்ட்’ என்னும் மூன்று பாகக் கதையை வெளியிட்டது. ஒரு பாகத்தில் ஆடுபவர் எடுக்கும் முடிவுகள் அடுத்த பாகத்திலும் தொடரும் என்பது அதன் தனிச்சிறப்பு. யாரைக் காத்தீர், யாரைக் கைவிட்டீர் என்பதைக் கதை நினைவில் வைத்திருக்கும். இறுதியில் இவை அனைத்துக்கும் பலன் இருக்கும் என்ற நம்பிக்கையை நிறுவனத்தாரே ஊட்டி வளர்த்தனர். ஆனால் மூன்றாம் பாகத்தின் முடிவில், சிவப்பு, நீலம், பச்சை என்று நிறத்தில் வேறுபட்டு, காட்சியில் பெரிதும் ஒத்திருந்த முடிவுகளே கிடைத்தன. இங்கு எழுந்த எதிர்ப்பை வெறும் அடம் என்று சொல்லிவிட முடியாது. வாக்கு ஒன்று அங்கே இருந்தது.

எதிர்ப்பாளருள் ஒரு பகுதியினர் நடந்துகொண்ட விதமும் கருதத்தக்கது. மருத்துவமனைகளில் இருக்கும் சிறாருக்கு விளையாட்டுப் பொருள்கள் வழங்கும் அறக்கட்டளை ஒன்றுக்கு அவர்கள் தங்கள் கோரிக்கையின் பெயரால் நிதி திரட்டினர். 80,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. வேறு சிலர், மூன்று நிறங்களில், ஆனால் ஒரே சுவையில் ஏறத்தாழ 400 கப் கேக்குகளைச் செய்வித்து நிறுவனத்துக்கே அனுப்பினர். சொல்ல வந்ததை இதைவிட நயமாகச் சொல்ல முடியுமா? நிறுவனத்தார் அவற்றை இளையோர் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டனர். 2012 சூன் மாதம், முடிவை மாற்றாமல், ஆனால் விரித்து விளக்கும் இணைப்பு ஒன்றை விலையின்றி வெளியிட்டனர். கேட்டவர் மாண்போடு கேட்டனர். படைத்தவர் தம் படைப்பைக் கைவிடாமலே செவிசாய்த்தனர்.

அன்பு கசக்கும் இடம்

இதே ஆண்டில், இதே நிறுவனத்தைச் சுற்றி இன்னொரு முகமும் வெளிப்பட்டது. ‘டிராகன் ஏஜ்’ என்னும் விளையாட்டுக்கு 2011-இல் வந்த இரண்டாம் பாகத்தால் பலர் மனம் கசந்திருந்தனர். அதில் பணியாற்றிய பெண் எழுத்தாளர் ஒருவர், உரையாடலைத் தாண்டிச் செல்ல வசதி இருப்பதுபோலச் சண்டையைத் தாண்டிச் செல்லவும் வசதி இருக்கலாம் என்று 2006-இல் ஒரு நேர்காணலில் கூறியிருந்தார். அந்தப் பழைய கருத்தைத் தோண்டியெடுத்து 2012-இல் அவர்மீது வசைமாரி பொழிந்தனர். மிரட்டல்கள் அவருடைய பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. ஒரு கற்பனை மாந்தரின் மாண்பைக் காக்கப் புறப்பட்டவர்கள், இரத்தமும் சதையுமான ஒரு தாயின் மாண்பை மிதித்துச் சென்றனர். இதனினும் தலைகீழான அன்பு வேறு உண்டோ?

அன்பு எப்படி இந்நிலைக்குத் தாழ்கிறது? பிரெஞ்சு மெய்யியலார் கபிரியேல் மார்செல் ‘இருத்தல்’, ‘உடைமை கொள்ளல்’ என்னும் இரண்டையும் பிரித்துக் காட்டி 1935-இல் ஒரு நூல் வெளியிட்டார். உடைமையாகக் கொண்ட எதையும் நாம் இழக்க நேரிடும் என்பதால் அச்சம் அதன் நிழலாகவே தொடர்கிறது என்பது அவர் சிந்தனையிலிருந்து நாம் பெறும் தெளிவு. நேசித்த கதையை ‘என்னோடு இருப்பது’ என்று கருதும்வரை, புதிதாக வரும் எதுவும் அதைப் பறிக்க முடியாது. ‘நான் வைத்திருப்பது’ என்று கருதத் தொடங்கியதும், புதியவை எல்லாம் திருடர்களாகத் தோன்றுகின்றன.

இவ்வுடைமை உணர்வு இரசிகரிடம் மட்டும் இருப்பதாக நாம் எண்ண வேண்டாம். பெயருக்குள்ள மதிப்பை விற்றுப் பணமாக்கவே பல தொடர்ச்சிகள் தயாராகின்றன என்பது உண்மை. ‘குரோனோ ட்ரிக்கர்’ மீது கொண்ட பற்றால் அதற்கொரு தொடர்ச்சியை ஊதியமின்றி ஆண்டுக்கணக்கில் உருவாக்கிய இரசிகர் குழு ஒன்றுக்கு, அது நிறைவெய்தும் தறுவாயில், 2009-இல் உரிமையுடைய நிறுவனம் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பித் தடுத்துவிட்டது. சட்டம் நிறுவனத்தின் பக்கமே. எனினும், ஒன்றைச் சட்டப்படி உடைமையாகக் கொண்டிருப்பவர் அதை நேசிப்பவராகவும் இருப்பார் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

நாம் தேடுவது எதனை?

2020 ஏப்ரலில் ‘ஃபைனல் ஃபேண்டசி 7’ மறு ஆக்கம் பெற்று, முதற்பகுதியாக வெளிவந்தது. அதில் ஒரு புதுமை இருந்தது. கதை பழைய தடத்தைவிட்டு விலகும்போதெல்லாம் ஆவியுருவங்கள் கூட்டமாய்ப் பறந்து வந்து, நிகழ்வுகள் முன்போலவே நடக்கும்படி நெருக்குகின்றன. இறுதியில் நாயகர்கள் அந்த விதிக்காவலர்களையே எதிர்த்துப் போரிடுகின்றனர். பழையது அப்படியே வேண்டும் என்ற இரசிகரின் பிடிவாதத்தைத்தான் படைப்பாளர் இவ்வாறு ஆவியுருவாக்கிக் காட்டினர் என்று பலர் பொருள் கொண்டனர். சிலர் அதை வியந்து போற்றினர். சிலர் வஞ்சிக்கப்பட்டதாக உணர்ந்தனர். 2024-இல் வந்த அடுத்த பகுதி ஏரித்தின் முடிவை எட்டியபோது, அதைப் பழைய தெளிவோடு காட்டாமல் பூடகமாக்கிவிட்டது. மீண்டும் அதே பிளவு.

இங்கு ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்ப்போம். 1997-இல் 12 வயதில் அவ்விளையாட்டை ஆடிய சிறுவனுக்கு 2020-இல் வயது 35. அன்று பள்ளி விட்டு வந்து ஆடியவன், இன்று அலுவல் முடிந்து களைத்து வந்து ஆடுகிறான். அருகில் அமர்ந்து வேடிக்கை பார்த்த அண்ணன் இன்று வேறு ஊரில் இருக்கலாம். சாப்பிட அழைத்த அம்மா இன்று இல்லாமலும் இருக்கலாம். அவன் உள்ளம் தேடுவது ஒரு விளையாட்டை மட்டுமா? அந்த மாலைப்பொழுதையும் சேர்த்தல்லவா தேடுகிறது! எந்த நிறுவனமும் எவ்வளவு பொருள் செலவிட்டும் அதைத் திருப்பித் தர இயலாது. கொடுக்க முடியாததைக் கொடுக்கவில்லை என்று ஒருவர்மீது சினம் கொள்வது நீதியாகுமா? பழைய விளையாட்டோ எழுத்தும் இசையும் மாறாமல் அப்படியே இருக்கிறது. மாறியவர் நாம். இதை ஏற்றுக்கொள்வது கடினம். ஆனால் ஏற்றுக்கொண்டவருடைய சினம் துயரமாகக் கனிகிறது, துயரம் நன்றியாகக் கனிகிறது.

உடைமையாக்காத அன்பு

இப்படிக் கனிந்த அன்புக்கும் இவ்வுலகிலேயே சான்று உண்டு. எழுத்தாளர் ஷிகேசாட்டோ இட்டோய் உருவாக்கிய ‘மதர் 3’ என்னும் விளையாட்டை நின்டெண்டோ நிறுவனம் 2006-இல் ஜப்பானில் மட்டும் வெளியிட்டது. தாயை இழந்த ஒரு குடும்பத்தின் கதை அது. முந்தைய பாகத்தை ஆங்கிலத்தில் ஆடி நேசித்தவர்கள் இதற்காகக் காத்திருந்தும் ஆங்கிலப் பதிப்பு வரவில்லை. அவர்களுள் ஒரு குழுவினர் முழுக் கதையையும் தாங்களே மொழிபெயர்த்து 2008-இல் விலையின்றிப் பகிர்ந்தனர். நிறுவனத்தின் ஒப்புதல் இதற்கு இல்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் 2013-இல் அக்குழுவின் முதன்மை மொழிபெயர்ப்பாளர், நிறுவனம் விரும்பினால் தம் உழைப்பைக் கட்டணம் ஏதுமின்றி எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அறிவித்தார். ‘எனக்குத் தா’ என்று கேட்காமல் ‘இதோ, எடுத்துக்கொள்’ என்ற அன்பு அது.

ஆகவே நாம் வந்து சேரும் முடிவு இது: நேசிப்பவருக்கு உரிமை உண்டு, அது சொல்லும் உரிமை, ஆளும் உரிமை அன்று. வாக்கு மீறப்பட்டால் கேட்கலாம். தரம் குறைந்தால் குறை கூறலாம். பிடிக்காததை வாங்காமல் விடலாம். படைத்தவரின் மாண்பைத் தொடும் உரிமை மட்டும் எந்த அன்பாலும் பிறப்பதில்லை. நம் இல்லத்துப் பிள்ளைகள் இத்தகைய ஏமாற்றத்தோடு நம்மிடம் வரும்போது, ‘விளையாட்டுக்கா இவ்வளவு?’ என்று வாயடைக்க வேண்டாம். ‘அதில் உனக்குப் பிடித்தது எது?’ என்று கேட்போம். பிடித்ததைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, பிடிக்காததையும் பண்போடு சொல்லத் தெரியும். பெற்றதற்கு நன்றி கூறவும், மாறியதை மாறவிடவும் அவர்களோடு சேர்ந்து நாமும் கற்றுக்கொள்வோம்.