செலவில்லாத நாள்

மாதத்தில் சில நாட்களைக் குறித்துக்கொண்டு, அன்று கையிலிருந்து ஒரு பைசாவும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும் பழக்கம் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அரும்பாவூரில் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஓய்வூதியத்தில் நடக்கிற குடும்பம். மாதத்துக்கு எட்டோ பத்தோ நாள் இப்படி வரும். வரவு செலவு நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே ஒரு சுழி. மாதக் கடைசியில் சுழிகளை எண்ணும்போது ஒரு திருப்தி உண்டாகிறது. மிச்சமான பணம் சொற்பம்தான். திருப்தி அதைவிடப் பெரிது. இந்த உபரித் திருப்தி எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் பிரச்னை. சிக்கனம் வெறும் கணக்கு என்றால் ஐம்பது ரூபாய் மிச்சத்துக்கு ஐம்பது ரூபாய் அளவு மகிழ்ச்சிதான் வரவேண்டும். அதற்கு மேல் வருகிறதென்றால், அன்றைக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். செலவழிக்காமலிருப்பது நற்செயலா? யாருக்கு?

செலவு என்ற சொல்லுக்குப் பழைய பொருள் போதல், பயணம். அகப்பாடல்களில் தலைவன் பொருள் தேடிப் புறப்படுவது செலவு; புறப்படாமல் தயங்கி நிற்பது செலவழுங்கல். பொருளைத் தேடிப் போவதற்கும் பொருள் கையை விட்டுப் போவதற்கும் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. தொல்காப்பியம் கற்பியலில் இந்தத் தயக்கத்தைப் பற்றிக் கறாராக ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. இடையில் நின்றுவிடுவது போகாமலிருப்பது ஆகாது. தலைவியைத் தேற்றுவதற்காகத் தள்ளிப்போடுவதுதான் அது. எங்கள் நோட்டிலுள்ள சுழிகளில் பெரும்பாலானவை இந்த வகைச் செலவழுங்கல்தான். இன்று வாங்காத புளியை நாளை மறுநாள் வாங்குகிறோம். இங்கே தேற்றப்படுவது நாமேதான் என்பது ஒன்றே வித்தியாசம்.

தள்ளிப்போட்டதைக் கழித்த பிறகும் மிஞ்சுவது கொஞ்சம் உண்டு. குடிக்காத டீ, வாங்காத கீரை, போகாத பயணம். இவை நாளைக்குத் திரும்பி வருவதில்லை. தார்மீகக் கேள்வி இந்த மீதியைப் பற்றியதுதான்.

வீட்டுக் கணக்கை வாழ்க்கைத் தத்துவமாக எழுதியவர்களில் தோரோவை முதலில் சொல்லவேண்டும். 1845 ஜூலை 4ல் வால்டன் குளக்கரைக் குடிலுக்குக் குடிபோனார். 1854ல் வந்த புத்தகத்தில் ஆணி, சுண்ணாம்பு, பழைய செங்கல், பழைய ஜன்னல் என்று இனம் இனமாக எழுதிக் கூட்டி, வீட்டுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்கிறார். அரை சென்ட்டைக்கூட விடவில்லை. ஆனால் நிலம் நண்பர் எமர்சனுடையது. நில வாடகை என்ற இனம் பட்டியலில் கிடையாது. துணி துவைப்பதும் தைப்பதும் பெரும்பாலும் வெளியே நடந்தன, அதற்கான பில் இன்னும் வந்து சேரவில்லை என்று அவரே எழுதுகிறார். தோரோவைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அதற்கு ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்கள். அவ்வளவு நேர்மையான கணக்கிலும் எது விழாமல் போகிறது என்பதே எனக்கு முக்கியம். நண்பனின் தாராளமும் துணி துவைத்தவரின் கையும் விழவில்லை. காந்தியை எளிமையில் வைத்திருக்க எவ்வளவு செலவாகிறது என்று சரோஜினி நாயுடு கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள். அதுவும் இதே விஷயத்தைத் தொடுகிறது. ஒருவருடைய சுழி இன்னொருவருடைய நோட்டில் தொகையாக நிற்கிறது.

இதை முழுதாக உணர்ந்த கணக்கர் ஒருவர் நம்மிடையே இருந்தார். 1892ல் தஞ்சாவூரில் பிறந்து லண்டனில் கணக்குத் தணிக்கை படித்த ஜே. சி. குமரப்பா. 1934 பீகார் பூகம்ப நிவாரணத்தின் கணக்குப் பொறுப்பு அவரிடம் இருந்தது. காந்தி அங்கு வந்தபோது, அவருடன் வந்தவர்களின் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். எளிமைக்கும் ஒருவர் பணம் கொடுத்தாகவேண்டும், அது யார் என்பது தெரியவேண்டும் என்பதுதான் அதன் சாரம். பிறகு ஜபல்பூர் சிறையில் அவர் எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் இயற்கையின் வாழ்முறைகளை ஐந்தாகப் பிரிக்கிறார். புலி மற்றொன்றைக் கொன்று தின்கிறது. குரங்கு தான் நடாத தோப்பில் பழம் பறிக்கிறது. பறவை தன் உழைப்பால் கூடு கட்டுகிறது. தேனீ கூட்டத்துக்காகச் சேர்க்கிறது. தாய் எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. ஒட்டுண்ணி வாழ்விலிருந்து சேவை வரை ஒரு ஏறுவரிசை இது.

இந்த வரிசையில் என்னை நிறுத்துவது, குமரப்பா சொல்லாத ஒரு சின்ன விஷயம். ஐந்து பேருமே பணம் செலவழிப்பதில்லை. புலியின் நோட்டிலும் சுழி, தாயின் நோட்டிலும் சுழி. சுழியைப் பார்த்து எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அதற்கென்று ஒரு மதிப்பு கிடையாது. அன்று நான் தோப்பில் குரங்காக இருந்தேனா, கூட்டில் தேனீயாக இருந்தேனா என்று வேறு எங்காவதுதான் பார்க்கவேண்டும்.

எங்கள் வீட்டின் சுழி நாள் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். காலையில் பால் வருகிறது. கணக்கு மாதக் கடைசியில். மின்சாரம் ஓடுகிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கில் முதல் 100 யூனிட் 2016லிருந்து இலவசம். அரிசி அட்டைக்கு நியாயவிலைக் கடை அரிசி 2011லிருந்து விலையில்லாதது. என் மனைவி பேருந்தில் போனால் நடத்துனர் தருவது கட்டணமில்லாப் பயணச்சீட்டு. 2021லிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு அப்படி. இவை சரியான ஏற்பாடுகள், இருக்கவேண்டியவை. ஆனால் இவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு ‘இன்று நான் எதுவும் செலவழிக்கவில்லை’ என்று சொல்வதில் ‘நான்’ என்ற சொல் தன் அளவுக்கு மீறி வீங்கியிருக்கிறது. போன் ரீசார்ஜ், கடன் தவணை, காப்பீட்டுச் சந்தா எல்லாம் வங்கியிலிருந்து தாமாகவே போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை எந்த விரதமும் தொடுவதில்லை. நிற்பது எது? தெருமுனை டீ, கீரைக்கட்டு, பூ, சலூன். நம்மால் நிறுத்தமுடிகிற செலவெல்லாம் நமக்கு நேரே நிற்கிறவர்களுக்குப் போகிற செலவாகவே இருக்கிறது. தூரத்திலிருப்பவர்கள் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ‘நாளைக்கு வாங்கிக்கிறோம்மா’ என்ற வார்த்தையைக் கேட்கும் தூரத்தில் இருப்பவள் கீரைக்காரி ஒருத்திதான். சுயகட்டுப்பாடு என்று நாம் பெயர் வைத்திருப்பது அவளுக்கு விற்காமல் வாடும் கட்டு.

என் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டது வேறு. ‘இன்னைக்கு நீங்க காசு செலவு பண்ணலை, சரி. நான் எவ்வளவு செலவு பண்ணேன்னு எங்க எழுதுவீங்க?’ கடையில் வாங்கும் மாவு வேண்டாமென்றால் அன்று ஊறவைத்து அரைப்பது அவள். இருப்பதை வைத்து ஒப்பேற்றும் சமையலுக்கு இரண்டு மடங்கு யோசனை வேண்டும். அதுவும் அவளுடையது. ஆணின் சிக்கனம் பெண்ணின் நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பது பொதுவாகவே உண்மை. தமிழ்நாட்டு அரசு 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை. உரிமைத்தொகை என்று வைத்தது. தொகை போதுமா என்பது வேறு விவாதம். கூலியில்லாத வேலையும் ஒரு செலவு, அதற்கு ஒரு நோட்டு உண்டு என்பதை அந்தச் சொல்லாவது ஒப்புக்கொள்கிறது.

வீட்டை விட்டு வெளியே வந்தால் அரும்பாவூரே இந்த விவாதத்தில் ஒரு சாட்சி. மரச்சிற்பம் இந்த ஊரின் தொழில். வாகை, மா, வேம்பு என்று மரத்தில் தெய்வ உருவங்களும் வாகனங்களும் தேர்ச் சிற்பங்களும் செதுக்குகிறார்கள். எந்தச் சிக்கனப் பட்டியலிலும் முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட பொருள்தான். மரச்சிற்பம் இல்லாமல் யாரும் பட்டினி கிடப்பதில்லை. 2020ல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம் ஊரடங்கு. கோயில்கள் மூடிக் கிடந்தன, திருவிழாக்கள் நின்றன. நாடு முழுவதும் சட்டத்தின் பெயரால் செலவில்லாத நாட்கள் நடந்தன. தேவையில்லாதது என்று ஒவ்வொரு வீடும் தள்ளிவைப்பதைச் செய்து பிழைப்பவர்களுக்கு நம் சுழிகளின் கூட்டுத்தொகை என்னவென்று அந்த வருஷம் தெரிந்தது.

இதற்கு ஒரு தயார் பதில் உண்டு. செலவழியுங்கள், உங்கள் செலவே அடுத்தவரின் வரவு என்பார்கள். மாண்டவில் எழுதிய தேனீக் கதையில், தேனீக்கள் திடீரென்று ஒழுக்கமாகிச் சிக்கனத்தில் இறங்கியதும் கூடு சரிந்து போகிறது. 1936ல் கெயின்ஸ் அந்தக் கதையை எடுத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே சமயத்தில் சேமிக்கப் போனால் எல்லோரின் வரவும் குறையும் என்று காட்டினார். பொருளாதாரமாக இது சரி. தர்மமாக இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏற்றால் ஊதாரித்தனம் தானமாகிவிடும். பணமுள்ளவன் தின்பதே பரோபகாரம் என்றாகிவிடும். கீரைக்காரிக்கு நான் கடன்பட்டிருப்பது ஒரு பொருளாதாரச் சுழற்சியின் உறுப்பு என்ற முறையில் அல்ல. அவளைத் தினமும் பார்க்கிறேன், அவள் பறித்ததைத் தின்கிறேன் என்ற முறையில்.

மறுபக்கம், காசே புழங்காத பழைய கிராமத்தைச் சொல்லி ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சந்தை நாள் தவிர மற்ற நாளெல்லாம் காசைத் தொடாமல் வாழ்ந்தது நிஜம்தான். தானியத்தை முறத்தில் கொண்டுபோய்க் கொடுத்து உப்பும் மிளகாயும் வாங்கிவந்தார்கள். சவரம் செய்தவருக்கும் துணி வெளுத்தவருக்கும் அறுவடையில் களத்தில் நெல் அளந்தார்கள். அந்தப் பங்குக்குச் சுதந்திரம் என்றுதான் பெயர். சொல்லின் குரூரத்தைக் கவனிக்கவேண்டும். வருஷம் முழுவதும் கூப்பிட்ட நேரத்துக்கு வரவேண்டும், வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும், அளந்ததை வாங்கிக்கொள்ளவேண்டும். பெரிய வீட்டுக்கு அது முந்நூறு செலவில்லாத நாட்கள். அன்றன்றைய வேலைக்கு அன்றன்று காசு என்று அவர்கள் கேட்க முடிந்தபோதுதான் வாசலில் நின்ற ஆள் கொஞ்சம் நிமிர்ந்தார். காசு கொடுப்பது உறவைக் கொச்சைப்படுத்துகிறது என்ற புலம்பல் அநேகமாக வாங்கிக்கொண்டே இருந்தவர்களின் புலம்பல். சில சமயம் காசை எண்ணிக் கையில் கொடுப்பதுதான் நாம் செய்யக்கூடிய மரியாதை.

கடைசியாக, சுழியைத் தேர்ந்தெடுக்காதவர்கள். 1963ல் நாடாளுமன்றத்தில் லோகியா, 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு 3 அணாவில் வாழ்கிறார்கள் என்றார். நேரு 15 அணா என்று பதில் சொன்னார். எத்தனை அணா என்று சண்டை நடந்தது. ஒரு நாளின் செலவு அரசியல் பிரச்னையாக அங்கே நின்ற மாதிரி பிறகு நின்றதில்லை. 1965ல் உணவுப் பஞ்சத்தின்போது வாரத்தில் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுவிடும்படி சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டார். பலர் திங்கள் இரவு சாப்பிடாமலிருந்தார்கள். உயர்ந்த காரியம், சந்தேகமில்லை. ஆனால் திங்கள் இரவுச் சாப்பாடு முதலிலேயே இல்லாதவன் அந்த அழைப்பில் பங்கெடுக்க வழியே இல்லை. இங்கே வெங்காயம் அறுக்கப் போகிற கூலிக்காரருக்கு வேலை இல்லாத நாளும் செலவில்லாத நாள்தான். அவருக்கு அதில் திருப்தி கிடையாது. எண்ணிப் பார்க்க நோட்டும் கிடையாது. என் சுழிக்கு ருசி கொடுப்பது, நாளைக்கு அதை உடைக்க முடியும் என்ற நிச்சயம். அந்த உபரித் திருப்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இதில் பாதி விடை இருப்பதாக நினைக்கிறேன். ஒழுக்கத்தின் மகிழ்ச்சி என்று நான் நினைத்துக்கொள்வதில் பாதி, பத்திரமாக இருப்பதன் மகிழ்ச்சி.

மீதிப் பாதியைக் கைவிட நான் தயாரில்லை. வேண்டாதது வேண்டாதது என்று தெரிய ஒருநாள் நின்று பார்க்கத்தான் வேண்டும். விளம்பரமும் விரல்நுனியில் ஓடும் பணமும் அந்த நிற்றலையே இல்லாமல் ஆக்கிவிட்டன. அதனால் எங்கள் வீட்டில் சுழி நாட்கள் தொடர்கின்றன, இரண்டு மாற்றங்களோடு. தலைச்சுமையாக வாசலுக்கு வருகிறவர்களிடம் வாங்குவது அன்றும் உண்டு. அதனால் சுழி போனால் போகட்டும். நோட்டில் தொகைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியும் கோடு போட்டிருக்கிறோம். அன்று காசு கொடுக்காமல் பெற்றது எது, யாரிடமிருந்து என்று எழுத. முதல் வரியில் என் மனைவியின் கையெழுத்தில் அவள் பெயர் வருகிறது. பால்காரர், பக்கத்து வீட்டு முருங்கை, பேருந்து. அதற்குக் கீழே மின்சாரம் என்று எழுதிவிட்டு, யாரிடமிருந்து என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அநேக நாட்கள் அதைக் காலியாகவே விடுகிறோம்.