கருவியின் பழுதும் உயிரின் மீட்சியும்

மயக்கப் பொருள்களைக் களிப்பின்பொருட்டு நுகரத் தொடங்கி, பின்னர் அவற்றிற்கு அடிமைப்பட்டு, அரிதின் முயன்று விட்டொழித்தவன் ஒருவன் மீண்டும் வீழ்வானாயின், அவ்வீழ்ச்சி யாருடைய குற்றம்? பழுதுற்ற மூளையின் குற்றமா? அதனைக் கருவியாகக் கொண்டு தொழில்செய்யும் உயிரின் குற்றமா? இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இதற்கு இறுக்கும் விடையைப் பொறுத்தே ஒரு தந்தை தன் மகனை வீட்டினுள் ஏற்பதும் வெளியே தள்ளுவதும் நிகழ்கின்றன. ஆதலின் இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இருதிறத்தார் இதற்கு இருவேறு விடை கூறுப. ஒருசாரார், மூளையே மனிதன், அது நலம்பெறின் மனிதன் நலம்பெற்றான், ஆதலின் ஈண்டு நோயன்றிக் குற்றமென ஒன்றில்லை என்பர். மற்றொரு சாரார், ஆன்மா மூளையின் வேறாய அறிவுப்பொருள், மூளை எந்நிலையுறினும் ஆன்மாவின் இச்சை கெடாது, ஆதலின் வீழ்ந்தவன் வேண்டியே வீழ்ந்தான் என்பர். முன்னையது உலகாயதர் கூற்றோடு ஒப்பது. அதனை நம்மனோர் எளிதின் மறுப்பர். பின்னையதோ சைவர் வாயிலும் கேட்கப்படுவது. சித்தாந்தத்தின் சாயலுடையதாய்த் தோன்றுதலின் அதுவே மிக்க தீங்கு பயப்பது.

முதற்கண் மூளைக்கு நேர்வது யாதெனக் காண்பாம். உண்டல், உறவாடல் முதலிய இயல்பான இன்பங்களின்போது மூளையுள் டோபமைன் என்னும் பொருள் அளவாகச் சுரக்கும். ஹெராயின், கோக்கேன், மெத்தாம்பெட்டமைன் போல்வன அதனை அளவிறந்து பெருகச் செய்யும். அப்பெருக்கு நாடோறும் நிகழவே, மூளை அதனை ஏற்கும் வாயில்களைக் குறைத்துக்கொள்ளும். அதன் பயனாக உணவும் உறவும் இசையும் சுவையற்றுப் போக, போதையொன்றே பொருளாய்த் தோன்றும். அதனோடு, நன்று தீது தூக்கி விலக்குதற்குரிய முன்மூளையின் வன்மையும் தளரும்.

போதைப்பொருளை விட்ட அன்றே இவை பழைய நிலைக்கு மீள்வன அல்ல. கஞ்சாவை நாடோறும் புகைத்தாரிடத்துக் குறைந்திருந்த ஏற்புவாயில்கள், விட்ட ஏறத்தாழ 4 வாரத்தில் நிரம்பியமை 2012-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றிற் காணப்பட்டது. மெத்தாம்பெட்டமைனுக்கோ காலம் மிக நீளும். 2001-இல் அமெரிக்க நாட்டில் நோரா வோல்கோவ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும், அதனை நுகர்ந்து விட்ட ஐவரை 6 திங்களுக்குள் ஒருமுறையும், 12 முதல் 17 திங்கள் கழிந்தபின் மறுமுறையும் மூளைப்படம் எடுத்து நோக்கினர். டோபமைனை மீட்டெடுக்கும் கடத்திகள் குறிப்பிடத்தக்க அளவிற் பெருகியிருந்தன. ஆயின் நினைவாற்றலும் உறுப்புகளின் விரைவும் அவ்வளவிற்கு மீளவில்லை. இவற்றால் மீட்சி உண்டென்பதும், அது நாளைக் கொண்டு நிகழ்வதன்றிக் கட்டளையால் நிகழ்வதன்றென்பதும் பெறப்படும்.

ஈண்டு ஒரு தடை நிகழும். மூளை தூலவுடலின் உறுப்பு. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களோ சூக்குமமாவன. தூலத்தின் பழுது சூக்குமத்தைத் தாக்குமாறு என்னை எனின், கூறுதும். கண்ணென்னும் இந்திரியம் வேறு, அதற்கு இடமாய கோளகம் வேறு என்பது யாவர்க்கும் உடன்பாடு. கோளகத்தைப் படலம் மூடியவழி இந்திரியம் இருந்தும் காட்சி நிகழாது. அவ்வாறே மூளை பழுதுற்றவழிப் புத்தி இருந்தும் துணிபு செவ்வனே நிகழாது.

சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம், ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்று கூறிய அளவில் அமைந்திலது. சகசமலத்தால் தானே உணரமாட்டாத அவ்வான்மா, அமைச்சரோடு கூடிய அரசன்போல அவற்றோடு கூடி நிற்குமென்றும் கூறிற்று. முற்கூற்றைக் கொண்டு பிற்கூற்றை விடுவதே மேற்சொல்லிய இரண்டாஞ் சாராரின் பிழை. அமைச்சர் மயங்கிக் கிடப்புழி அரசன் செவிக்குப் பொய்ச்செய்தியே எட்டும். அந்நிலையில் அவன் இட்ட ஆணையை முழுத்தெளிவோடு இட்ட ஆணையென்று கொள்ளுதல் முறையாகுமா? பெத்தநிலையில் உயிர் கருவியின்றி அறியாது. கருவி கெட்டவழி அதன் அறிவும் இச்சையும் செயலும் குறைப்பட்டே விளங்கும். வேறான பொருள் என்பதனாலேயே தாக்குறாத பொருள் என்பது பெறப்படாது.

அங்ஙனமாயின் குற்றமே இல்லையென்று முதற்சாராரோடு கூடுதுமோ எனின், அதுவும் பொருந்தாது. வியட்நாமிற் போர்புரிந்த அமெரிக்கப் படைவீரருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அங்கே மலிவாய்க் கிடைத்த ஹெராயின் முதலியவற்றிற்கு அடிமையாயினர். 1971-இல் தாயகம் மீண்ட வீரர்களை லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்தார். அங்கு அடிமைப்பட்டிருந்தோருள் முதலாண்டில் மீண்டும் அடிமைப்பட்டோர் 100-க்கு 5 பேர் அளவினரே. மூன்றாண்டிற்குள் 12 பேர் அளவினரே. இதற்கு மாறாக, கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் 1935-இல் திறக்கப்பட்ட அரசினர் மருத்துவமனையில் நலம்பெற்று, தாம் பழகிய நகரத்துத் தெருவிற்கே மீண்டவருட் பெரும்பாலோர் திரும்ப வீழ்ந்தனர்.

வீரர்கள் நுகர்ந்த காலம் குறுகியது என்னும் வேறுபாடு உண்டாயினும், பெரியதொரு வேறுபாடு இருதிறத்தாரும் திரும்பிய இடத்தில் உள்ளது. வீரர்க்குப் பழைய சார்பு கடலுக்கப்பால் அற்றொழிந்தது. மற்றவர்க்கு அது வாயிலிலேயே காத்திருந்தது. இந்நிகழ்ச்சி ஒன்றே ஆன்மாவின் உண்மையை நிறுவுமென யாம் கூறோம். அது வேறு அளவைகளால் நிறுவப்பட்டது. மூளை ஒன்றையே நோக்குவார்க்கு மீட்சியின் ஒருபாதியே புலனாம் என்பதே எம் கருத்து.

உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. ஒன்றை விடுதல் மட்டும் அதற்கு இயலாது. பிறிதொன்றைப் பற்றியே முன்னையதை விடும். பெருங்காயம் வைத்த கலம் கழுவியபின்னும் மணப்பதுபோல, போதையை விட்டபின்னும் அதன் வாசனை நிற்கும். அவ்வாசனையால் வேட்கை எழுதல் விட்டவன் வயத்ததன்று. ஆயின் எத்தெருவிற் செல்வது, யாரோடு அமர்வது, கைப்பொருளை யாரிடம் ஒப்படைப்பது, தெளிந்திருக்கும் பொழுதில் யாரிடம் உண்மை உரைப்பது என்பன அவன் வயத்தன. அவன் பொறுப்பு ஈண்டே நிற்பது. குற்றமும் முயற்சியும் இவற்றிலேயே தேடற்பாலன.

இதில் எஞ்சிய பாதி நம்முடையது. சார்தற்குரிய நல்லதொன்று அருகில் இல்லாவிடின் அவன் எதனைச் சார்வான்? சீவன்முத்தர்க்கும் மலவாசனை தாக்காவண்ணம் அடியார் கூட்டமும் திருக்கோயில் வழிபாடும் வேண்டுமென்பது பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து. முத்தர்க்கே கூட்டம் வேண்டப்பட்டதாக, நேற்று விட்டவனை நோக்கி, "தனியே நின்று உன் உறுதியைக் காட்டுக" என்று சொல்லுதல் எந்நூல் முறை? திருக்கோயிலில் உழவாரப்பணிக்கு அவனை அழைத்தலும், மடத்துப் பந்தியில் முகஞ்சுளியாது இடந்தருதலும் சிறு செயல்கள். ஆயினும் மூளை தன்னைச் செப்பஞ்செய்துகொள்ளும் அந்நீண்ட திங்கள்களில் உயிருக்குக் கொழுகொம்பாவன அவையே.

அருளுரையே அமையுமென்று மருத்துவத்தை விலக்குதலும் தவறு. நெடுநாள் மிகுதியாய்ப் பழகிய சாராயத்தையும் உறக்க மாத்திரையையும் திடீரென நிறுத்துவார்க்கு வலிப்புக் கண்டு உயிர்க்கேடும் நேரும். அவற்றை மருத்துவர் மேற்பார்வையிலேயே விடுதல் வேண்டும். ஹெராயின் முதலிய அபின்வகைகளைச் சில வாரம் விட்டவன் உடல் பழைய அளவைத் தாங்காது. முன்னர் நாடோறும் கொண்ட அளவே அப்போது உயிரைப் போக்கும். ஆதலின் மருத்துவமனையினின்றோ சிறையினின்றோ வெளிப்போந்த முதல் வாரங்களில் ஒருவனுக்கு வீட்டுக் கதவை அடைப்பது, அவன் இறப்பிற்கு வழிதிறப்பதாய் முடிதலும் கூடும். இந்திய அரசின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டமும், அடிமைப்பட்டோன் தானே சிகிச்சை நாடி வருவானாயின், நுகர்ச்சி முதலிய சிறு குற்றங்களுக்கு வழக்கினின்று விலக்களிக்கும் ஒரு பிரிவை உடையதாய் இருக்கின்றது. சட்டம் காட்டும் அவ்வளவு இரக்கமேனும் சுற்றத்தார் காட்டற்பாலர்.

இனி, மூளை மீளாதே போயின் என்செய்வது எனின், அந்நிலையும் உண்டு. 1982-இல் கலிபோர்னியாவில், ஹெராயினுக்கு ஈடாகக் கள்ளத்தனமாய்ச் செய்யப்பட்ட பொருளிற் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்னும் நஞ்சினால் இளைஞர் சிலர் பார்க்கின்சன் நோயாளரைப் போல அசைவற்று விறைத்துப் போயினர். அந்நஞ்சு அழித்த மூளைப்பகுதி திரும்ப வளர்ந்திலது. அத்தகையாரை இழந்த பொருளாக எண்ணுவது, மூளையே மனிதன் என்னும் கொள்கைக்கே நம்மை மீளக் கொண்டுபோய் விடும். ஒளி மங்கிய கண்ணுடையானைக் கைபிடித்து நடத்துவோம். அவன் வழியறியாக் குற்றம் ஆராயோம். கருவி முற்றும் மீளினும், பாதி மீளினும், மீளாதொழியினும், உயிர் சார்தற்குரியதாகவே நிற்கின்றது. அதற்கு நல்ல சார்பு அருகில் உளதா என்பதே வீழ்ந்தவனைக் காணுந்தோறும் நாம் நம்மை வினவற்பாலது.