உளிக்குப் பணிந்த எழுத்து

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில், குன்றுக் குகையொன்றின் பாறையில் ஒற்றை வரித் தமிழ்பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. 1981இல் கண்டறியப்பட்டது. சங்க காலக் குறுநில மன்னன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் இது என்கிறது. வரலாற்று ஆய்வாளர்கள் அந்தப் பெயரைக் கொண்டாடினார்கள். எனக்கு அந்த எழுத்துகளின் உடம்பின் மேல்தான் கண். ‘நெடுமான்’ என்பதில் வரும் ந, படுத்த கோட்டின் மேல் ஊன்றி நிற்கும் ஒரு நேர்கோடு. அந்தக் காலத்துக் க வெறும் கூட்டல் குறி. உளிக்கு நேராக ஓடுவது சுலபம். வளைவென்றால் இணுக்கு இணுக்காகக் கொத்த வேண்டும். ஓலையில் நிலைமை நேர்மாறு. எழுத்தாணி நாரின் போக்கிலேயே நீளமாகக் கீறினால் ஓலை பிளந்துவிடும். கை தானாக வளையப் பழகியது.

ஐரோப்பாவின் கறுப்பெழுத்தும் இப்படிப் பிறந்ததுதான். அகன்ற முனை இறகைச் சாய்த்துப் பிடித்தால் இறங்கும் கோடு தடிக்கும், ஏறும் கோடு மெலியும். வளைவை ஒரே இழுப்பில் போடாமல் இரண்டு மூன்றாக முறித்தார்கள். முறித்த இடமெல்லாம் மூலை ஆனது. விலை கூடிய தோலில் இடம் மிச்சம் பிடிக்க நெருக்கி எழுதியதில் பக்கமே கறுத்தது. 1455 வாக்கில் குட்டன்பர்க் அச்சிட்ட பைபிள் அந்தக் கையெழுத்தைத்தான் ஈயத்தில் வார்த்தது. 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டவை. அவ்வூர்க்காரர்கள் தங்கள் மொழியை வாசித்தது ஃப்ராக்டூர் என்ற கறுப்பெழுத்தில். அதை அன்றாட வழக்கிலிருந்து 1941இல் நாஜி அரசு விலக்கியது. இன்று கறுப்பெழுத்துக் குடும்பம் நியூயார்க் டைம்ஸின் தலைப்பிலும் பட்டச் சான்றிதழ்களிலும் பீர் பாட்டில்களிலும் வாழ்கிறது.

ஆக, எழுத்தின் மூலை என்பது கருவியும் பொருளும் மல்லுக்கட்டி உடன்பட்ட இடம். கணினித் திரையில் மல்லுக்கட்ட எதுவும் இல்லை. எந்தக் கோட்டையும் எப்படியும் முறிக்கலாம். கல் செய்த வேலையை அங்கே வாசிப்பவரின் கண்தான் செய்தாக வேண்டும். வடிவமைப்பவர் அதற்குப் பணிய வேண்டும்.

தமிழில் கோண எழுத்துரு வரைந்து பார்த்தால் இது உடனே தெரியும். ட, ப, ம மூன்றும் ஏற்கெனவே மூலை வைத்தவை, மகிழ்ச்சியாக ஒத்துழைக்கும். ண முரண்டு பிடிக்கும். அதன் சுழிகளைச் செங்குத்துக் கோடுகளாக முறித்து நெருக்கினால் ன எது, ண எது என்று தெரியாது. கறுப்பெழுத்தில் i, n, m எல்லாம் ஒரே வேலிக்கம்புகளாகத் தெரிந்த அதே தொல்லை.

அதனால் கல்வராயன் மலைப்பாதை வளைவில், ஓடும் பேருந்திலிருந்து படிக்க வேண்டிய ‘வெள்ளிமலை’ பலகைக்கு இந்த எழுத்து வேண்டவே வேண்டாம். அதில் சுழியுள்ள ள இரண்டு முறை வருகிறது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு வேண்டுமானால் பொருந்தும். உளி பிடித்தவர்கள் தங்கள் பட்டறைப் பெயரை இரண்டே சொல்லில், பெரிதாக, மரத்திலேயே வெட்டட்டும். ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்து, எந்தக் கோட்டை முறிப்பது என்று அவர்களே முடிவு செய்வார்கள்.