சிறகுக்கு வெளியே ஒரு குஞ்சு

கயத்தாற்றுக் கரிசல் கிராமங்களில் கோழியை அடை வைக்கும் தாய்மார்கள் நன்கறிந்த காட்சி இது. 21ஆம் நாளையொட்டி முட்டைகள் பொரிகின்றன. ஓரிரு நாள்களில் கோழி, நடக்கக்கூடிய குஞ்சுகளை அழைத்துக்கொண்டு இரைதேடப் புறப்படுகிறது. பிந்திப் பொரித்த நலிந்த குஞ்சு அடைக்கூட்டிலேயே குளிரில் கிடக்கிறது.

தாயா இப்படிச் செய்வது? பொரிக்குமுன் உள்வாங்கிய மஞ்சள் கரு குஞ்சுகளுக்கு இரண்டு மூன்று நாள்களுக்கே போதும். ஒன்றுக்காகக் காத்திருந்தால் மற்றவை பட்டினி கிடக்கும். அது கல்நெஞ்சமன்று, தாய்மையின் எல்லை.

ஆண்டவர் தம்மைக் குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்க்கும் கோழிக்கு ஒப்பிட்டார் (மத் 23:37). தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடும் ஆயனையும் காட்டினார் (லூக் 15:4). கோழியால் இயலாத அந்தத் தேடல் மனிதனின் கடமையாகிறது.

அதை எவ்வாறு செய்வது? விவரமறிந்தவர்கள் அவசரப்பட்டு ஓட்டை உரிப்பதில்லை. உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறக்கக்கூடும். நலிந்த குஞ்சைத் துணியில் பொதிந்து சூடேற்றுகிறார்கள். அலகை வெதுவெதுப்பான நீரில் நனைக்கிறார்கள். அது நிற்கத் தொடங்கியதும், இருட்டியபின் தாயின் சிறகடியில் மெல்ல வைக்கிறார்கள். பகலில் அந்நியமெனக் கொத்தக்கூடிய கோழி, இரவில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது.

உதவியின் அறம் இதில் விளங்குகிறது. நலிந்தவரை நம் கையிலேயே வைத்துக்கொள்வதன்று, அவருக்குரிய சிறகடியில் மீண்டும் சேர்ப்பதே உதவி. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை இல்லத்தில் விட்டுவந்த தாயைப் பழிப்பது எளிது. அவள் சோர்ந்துபோகுமுன் வாரத்தில் ஒரு பகலேனும் அப்பிள்ளையை நாம் பார்த்துக்கொண்டோமா? நம் அன்பியங்கள் கேட்கவேண்டிய கேள்வி இது.