'பரிசோதனை' என்னும் சொல்லும் நோயாளியின் இசைவும்

புதிய மருந்தொன்றை நோயாளியிடம் சோதித்தறிய அவருடைய இசைவு வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. அவ்விசைவு எந்தச் சொல்லுக்கு அளிக்கப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

தமிழில் 'பரிசோதனை' இருபொருள் தருவது. நாடி பார்ப்பதும் குருதி எடுத்து நோயறிவதும் பரிசோதனை. பயன் உறுதிப்படாத மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதும் பரிசோதனை. முன்னது நோயாளியின் நலனுக்காகவே செய்யப்படுவது. பின்னது இனிவரும் நோயாளிகளுக்கான அறிவைத் தேடுவது. இவருக்கு நலம் விளையலாம், விளையாமலும் போகலாம். மலையாளத்தார் முன்னதைப் 'பரிசோதன' என்றும் பின்னதைப் 'பரீக்ஷணம்' என்றும் பிரித்து வழங்குவர். நம்மிடையே பரீட்சையோ பள்ளிக்கூடத்துக்குரியதாகிவிட்டது. மலையாளம், கொங்கணி, குஜராத்தி பேசுவோருக்கு அயலாராகக் கொச்சி மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக வாழும் தமிழர் ஒருவர், வீட்டுமொழிக்கும் மருத்துவமனை மொழிக்கும் இடையே இவ்வேறுபாட்டை எதிர்கொள்ள நேரும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999–2000 காலத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் கூட்டு முயற்சியாக, வாய்ப்புற்றுநோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோருக்குச் சோதனை நிலையிலிருந்த மருந்து ஊசிவழிச் செலுத்தப்பட்டது. நோயாளிகளுக்கு உண்மைநிலை போதிய அளவு தெரிவிக்கப்படவில்லை என்னும் குற்றச்சாட்டு 2001-இல் வெளிப்பட்டது. அப்பல்கலைக்கழகம் விசாரித்து, தன் நெறிக்குழுவின் ஒப்புதல் பெறப்படாததையும் இசைவு பெற்ற முறையின் குறையையும் கண்டது; மனிதரிடம் செய்யும் ஆய்வுகளுக்கு அவ்வாய்வாளர் தலைமையேற்பதைத் தடுத்தது. நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததற்குச் சான்றில்லை என்றும் கூறியது.

தீங்கில்லையெனில் குற்றம் யாது? அறவியலின் கடினமான முடிச்சு இங்கேதான் உள்ளது. தீங்கின்மை பின்னர் தெரியவந்த செய்தி. ஊசி ஏற்றப்பட்ட நாளில் அது எவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வே வேண்டியிருக்காது. அந்த அறியாமையில் நோயாளிக்கும் பங்குண்டு. துணிவதா வேண்டாவா என்பது அவர் முடிவு. சிகிச்சை என்று எண்ணிக் கைநீட்டியவர் எதற்கும் துணியவில்லை. அவருக்காக வேறொருவர் துணிந்துவிட்டார்.

இதனால் ஆய்வுகளே வேண்டா என்பது பொருந்தாது. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்டவரையும் காசநோய் மருத்துவமனையில் தங்கியவரையும் ஒப்பிட்டு, வீட்டுச் சிகிச்சை குறைந்ததன்று எனக் காட்டியது. எவர் எப்பிரிவில் சேர்வது என்பதைக் குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. புள்ளியியல் நூல்கள் இதனைச் 'சமவாய்ப்பு' என்கின்றன. எளிய நோயாளி அதனைச் சலுகையென்றே கொள்வார். 'திருவுளச்சீட்டு' என்றால் நொடியில் விளங்கும். நம் கலைச்சொல்லாக்கக் குழுக்கள் இதனை எண்ணிப்பார்த்ததாகத் தோன்றவில்லை.

ஒப்பிட ஒரு பழஞ்சான்று கொச்சியிலேயே உண்டு. வான் ரீடு தொகுத்து ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிகஸ்' நூலுக்கு மூலிகையறிவு வழங்கியோருள் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும் கொங்கணி வைத்தியர் மூவரும் அடங்குவர். அவர்கள் 1675-இல் அளித்த சான்றுரைகள் அவரவர் எழுத்திலேயே அந்நூலில் அச்சாயின. அறிவு இலத்தீனுக்குப் பெயர்ந்தபோதும் கொடுத்தவரின் சொல் அழியவில்லை. அம்மருந்துகளை உண்டு அவற்றின் குணத்தை உணர்த்திய நோயாளிகளின் சொல் மட்டும் எங்கும் இல்லை.

இந்தியாவில் 2019-இல் வந்த புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள், நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கம் தரப்படுதலையும், படிக்கவியலாதவர்க்கு நடுநிலைச் சாட்சி உடனிருத்தலையும் வேண்டுகின்றன. கையொப்பம் இடப்பட்டதைச் சாட்சி உறுதி செய்யலாம். 'பரிசோதனை'யை நோயாளி எப்பொருளில் கொண்டார் என்பதைச் சாட்சி எங்ஙனம் அறிவார்? விளக்கம் முடிந்தபின் தாம் விளங்கிக்கொண்டதை நோயாளி தம் பேச்சிலேயே திருப்பிச் சொல்ல, அது மாற்றமின்றிப் படிவத்தில் எழுதப்பட வேண்டும். அவ்வாறு சேரும் படிவங்களை மருத்துவரோடு அமர்ந்து படிப்பது தமிழ்த்துறைகளுக்கு உரிய பணியே.