வீடா, சரக்கா?



நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். ஓதுபள்ளியில் கிதாபு கொஞ்சம், தொடக்கப் பள்ளியில் கணக்குக் கொஞ்சம். மீதியெல்லாம் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவை. ஆகையால் நான் எழுதும் மார்க்க விஷயத்தில் பிழையிருந்தால் ஆலிம்கள் திருத்துவார்களாக. கணக்கில் பிழையிருந்தால் நீங்களே திருத்திவிடுவீர்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸருக்குப் பிறகு, சுங்கை பட்டாணியிலுள்ள என் கடைக்கு நெடுநாள் பழகிய நண்பர் ஒருவர் வந்தார். தேநீர் வரவழைத்தேன். கைப்பேசியில் சில படங்களைக் காட்டினார். வெள்ளை மணல், நீலக் கடல், கண்ணாடிச் சுவர் வைத்த வீடு.

"லங்காவியில் கடலைப் பார்த்த வீடு பாய். ஒன்பது லட்சம் வெள்ளி. மூணு பேர் சேர்ந்து எடுப்போம். சாவியை வாங்கிப் பூட்டி வைப்போம். ஆறாவது வருஷம் வித்தா சர்க்காருக்கு ஆதாய வரியும் கிடையாது" என்றார்.

"குடியிருக்கப் போறது யாரு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "குடியிருக்கவா வாங்குறோம்?" என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "பணமா வச்சிருந்தா வருஷா வருஷம் ஜகாத் போகுதுல்ல. வீட்டுக்கு ஜகாத் கிடையாது பாய்."

என் பங்கு மூன்று லட்சம் வெள்ளி. அத்தா எனக்கு விட்டுப் போன தொகையும் என் இருபது வருஷச் சேமிப்பும் சேர்ந்தால் அது வரும். வேறு கையிருப்பு எனக்கில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தொகையை நினைத்து மட்டுமன்று. அவர் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையை நினைத்து.

லங்காவியைப் பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏழு தலைமுறைக்குத் தழைக்காது என்று மசூரி சாபமிட்டதாகக் கதை சொல்லும் தீவு அது. கோலா கெடாவிலிருந்தும் கோலா பெர்லிஸிலிருந்தும் படகேறிப் போகும் மீனவர், விவசாயிகள் ஊராக இருந்தது. 1987 ஜனவரி முதல் நாளன்று, அப்போது பிரதமராயிருந்த டாக்டர் மகாதீர் அரசாங்கம் அதைச் சுங்கவரியில்லாத் தீவாக்கிற்று. 1990இல் அபிவிருத்தி வாரியம் வந்தது. 2007இல் யுனெஸ்கோ நிறுவனம் அத்தீவின் பழம்பாறைகளுக்காக அதனை உலகப் புவிப்பூங்கா என்று ஏற்றுக்கொண்டது. தாத்தாய்ப் பக்கம் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே பெரும் விடுதிகள் எழுந்தன. விடுதியைப் பின்தொடர்ந்து வந்தது வீட்டு வியாபாரம். நாலு நாள் தங்கிப் போனவருக்கு, இங்கே நமக்கென்று ஒரு வாசல் இருந்தால் என்ன என்ற ஆசை பிறப்பது மனித சுபாவம்தானே.

அந்த ஆசைக்குச் சர்க்காரும் வழி வைத்தது. 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்னும் திட்டம் 2002இல் தொடங்கிற்று. 2024இல் அதைத் திருத்தி, சில்வர், கோல்ட், பிளாட்டினம் எனத் தரம் பிரித்து, தரத்துக்கேற்ப 6 லட்சம், 10 லட்சம், 20 லட்சம் வெள்ளிக்குக் குறையாத வீடு வாங்கவேண்டும், பத்து வருஷத்துக்கு அதை விற்கக்கூடாது என்று விதித்தார்கள். இதற்கு முன்னரே, 2014இல், வெளிநாட்டார் வாங்கும் வீட்டின் குறைந்தபட்ச விலையை மத்திய அரசாங்கம் 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தியிருந்தது. நிலம் மாநிலத்தின் அதிகாரமாகையால் அந்தந்த மாநிலம் தன் கணக்கை வைத்துக்கொள்ளும். ஏழை எளியவர் வாங்கும் வீட்டுப் பக்கம் அந்நியப் பணம் வராமலிருக்க இப்படி ஒரு வேலி.

ஆனால் உல்லாசத் தலத்து வீட்டுக்கு ஒரு குணம் உண்டு. அதன் விலை ஊர்க்காரனின் சம்பளத்தைப் பார்த்து ஏறுவதில்லை. விருந்தாளியின் வரவைப் பார்த்து ஏறும். விருந்தாளி வராவிட்டால்? 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 2021 செப்டம்பர் 16இல் உள்நாட்டுப் பயணிகளுக்கு முதற்கட்டமாக லங்காவியை மீண்டும் திறந்தார்கள். பயணம் தடைப்பட்டிருந்த மாதங்களில் அந்தக் கண்ணாடிச் சுவர்கள் கடலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தன. வியாபாரிக்கு இது தெரிந்திருக்கவேண்டும். ஆயினும் நான் எழுத வந்தது இலாப நஷ்டத்தைப் பற்றியன்று.

நல்ல வீடு கட்டி வாழ்வது பாவமா? அல்ல. விசாலமான வீடு அல்லாஹ்வின் நிஃமத்து. பணக்காரர் வீடு கட்டினால் கொத்தனுக்கும் தச்சனுக்கும் தோட்டக்காரனுக்கும் கூலி கிடைக்கின்றது. அப்படியானால் வாங்கிப் பூட்டி வைப்பது பாவமா? இங்கேதான் நான் தடுமாறினேன்.

நமது கெடா நெற்களஞ்சியம். அரிசியை வாங்கிப் பூட்டி வைத்து, பஞ்சம் வந்ததும் விலையேற்றி விற்கிறவனை நாம் என்ன சொல்வோம்? பதுக்கல்காரன் என்போம். மார்க்கமும் அவனைக் கண்டிக்கின்றது. ஆனால் லங்காவியிலுள்ள ஒன்பது லட்சம் வெள்ளி வீடு அரிசியல்ல. அதைப் பூட்டியதால் எந்த ஏழையும் தெருவில் படுக்கப் போவதில்லை. அவனால் எப்படியும் அதை வாங்க முடியாது. இது நியாயமான பேச்சு. நண்பரும் இதையே சொன்னார். இதற்கு நான் சொல்லத்தக்க பதில் ஒன்றுதான். ஒரு தெருவில் ஒரு கடைக்கு வாடகை ஏறினால் பக்கத்துக் கடைக்கும் ஏறும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? கெடாவில் 1931 முதல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இருக்கின்றது. அந்நிலம் பொதுவாகப் பிற இனத்தார் கைக்குப் போவதில்லை. மற்ற நிலத்துக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே பதுக்கல் என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியவில்லை. குற்றமே இல்லை என்று கைகழுவவும் முடியவில்லை.

அப்போதுதான் ஓதுபள்ளியில் படித்த ஒரு சட்டம் நினைவுக்கு வந்தது. வீடு மூன்று வகை. குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டில் கட்டடத்துக்கு ஜகாத் இல்லை. வந்த வாடகை சேர்ந்து நின்றால் அதற்கு உண்டு. விற்று இலாபம் எடுக்கவேண்டும் என்ற நிய்யத்தோடு வாங்கிய வீடோ வீடல்ல; அது தஜாரத்துப் பொருள், அதாவது சரக்கு. துணிக்கட்டு, மிளகு மூட்டை எப்படியோ அப்படி. வருஷம் திரும்பும்போது அன்றைய விலைக்கு மதித்து நூற்றுக்கு இரண்டரை கொடுக்கவேண்டும். ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபிலும் வியாபாரச் சரக்குக்கு ஜகாத் உண்டு. ஒரே செங்கல், ஒரே சுவர், ஒரே வாசல். நிய்யத்துத்தான் பெயரை மாற்றுகின்றது.

சர்க்காரின் சட்டத்திலும் இந்தச் சாயல் இருக்கின்றது. 1974இல் நிலச் சூதாட்ட வரி என்றே பொருள்படும் ஒரு வரியைப் போட்டார்கள். 1976இல் அதற்குப் பதிலாக நில ஆதாய வரி வந்தது. இன்றைய விதிப்படி, குடிமகன் ஒருவன் வாங்கிய மூன்று வருஷத்துக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 சதவீதம், நாலாம் வருஷம் 20, ஐந்தாம் வருஷம் 15, ஆறாம் வருஷம் முதல் ஒன்றுமில்லை. வாங்கிய உடனே விற்கிறவன் வீட்டுக்காரனல்லன், வியாபாரி என்பது அதன் கருத்து. ஆனால் சர்க்காரால் காலத்தைத்தான் அளக்க முடியும். கல்பை அளக்க முடியாது. ஆறு வருஷம் பொறுத்திருந்தால் சர்க்காரின் கணக்கில் என் சரக்கு வீடாகிவிடும். அல்லாஹ்வின் கணக்கிலும் ஆகிவிடுமா?

நண்பர் சொன்னதை இப்போது திரும்பப் பாருங்கள். மூன்று லட்சம் பணமாக இருக்கும்வரை வருஷத்துக்கு 7,500 வெள்ளி ஏழைகளின் ஹக்கு. அதே பணம் சுவராக மாறியதும் அந்த ஹக்கு மறைந்துவிடுமாம். விலை கேட்கிறவனிடம் 'நல்ல சரக்கு' என்கிறோம். ஜகாத் கேட்கிறவனிடம் 'அது வீடு' என்கிறோம். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர். கடையில் ஒருவன் வாங்க ஒரு படிக்கல், விற்க ஒரு படிக்கல் வைத்திருந்தால் அவனை நாம் என்ன செய்வோம்? என் மனத்தைக் குத்தியது இதுதான்.

இந்த யோசனையிலிருந்தபோது, என் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கும் ஓர் அம்மாள் வந்தார். பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நாற்பது வருஷம் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறிற்று, லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இப்போது மகளுடைய வாடகை வீட்டில் ஒரு மூலை. "நாப்பது வருஷம் சாணி மெழுகின வீடு பாய். என் வீடு இல்லையாம்" என்றார். அழவில்லை, பருப்பு விலை கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஒருவருக்குக் குடியிருந்தும் வீடில்லை. இன்னொருவருக்கு வீடிருந்தும் குடியில்லை. இவ்விரண்டும் ஒரே மாநிலத்தில், ஒரு படகுப் பயண தூரத்தில் நடக்கின்றன.

இது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1950களில் வெள்ளைக்காரர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். அங்கேயும் நிலம் சரக்காயிற்று. தொழிலாளியின் லயம் சரக்கோடு சரக்காகப் போயிற்று. அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தினார். பால் வெட்டுகிறவர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் நமது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். அவர்கள் செய்ததும் பலர் சேர்ந்து பங்கு போட்டு நிலம் வாங்கியதுதான். எங்கள் மூவரின் திட்டமும் அதுதான். ஆனால் நிய்யத்து எங்கே, நிய்யத்து எங்கே!

பிறரைப் பேசியது போதும். என்னைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். இராமநாதபுரம் ஜில்லாவில் எங்கள் பாட்டனார் மலாய் நாட்டுச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடொன்று இருக்கின்றது. அதன் சாவி என் கடையில் கல்லாவுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கிற்று. கடைசியாகப் போனபோது பதினான்கு நாள் தங்கினேன். மீதிக் காலமெல்லாம் வௌவாலும் தூசியும்தான். காரைக்குடிப் பக்கம் பர்மாத் தேக்கில் கட்டிய செட்டியார் மாளிகைகள் பல பூட்டிக் கிடப்பதைப் பார்த்து நாம் உச்சுக்கொட்டுகிறோம். நமது ஊர்களிலும் தெருத்தெருவாக அதே பூட்டுத்தானே? விற்கும் எண்ணமில்லாததால் அதற்கு ஜகாத் இல்லை, உண்மை. ஆனால் ஜகாத் இல்லை என்பதால் கேள்வியே இல்லை என்றாகிவிடுமா? அது சரக்குமல்ல, வீடுமல்ல. பெருமை ஒன்றைத் தவிர அதில் யாரும் குடியில்லை.

நண்பருக்கு இப்படிப் பதில் சொன்னேன். "வாங்குவோம். ஆனால் மூன்று நிபந்தனை. பேரேட்டில் அதைச் சரக்கிருப்பு என்று எழுதவேண்டும். வருஷா வருஷம் அன்றைய மதிப்புக்கு ஜகாத் கொடுக்கவேண்டும். விற்கும்வரை பூட்டி வைக்காமல் யாராவது குடியிருக்கக் கொடுக்கவேண்டும்." அவர் கணக்குப் போட்டார். விலை ஏறாமலே நின்றாலும் மூன்று பங்குக்கும் வருஷம் 22,500 வெள்ளி. "இதுல என்ன பாய் மிஞ்சும்?" என்றார். ஏழையின் பங்கைக் கொடுத்தால் மிஞ்சாத இலாபம், முதலிலிருந்தே நம்முடைய இலாபமல்ல என்றேன். கோபமில்லாமல்தான் போனார். இன்றும் நண்பர்தான். வேறு இருவரோடு சேர்ந்து வாங்கிவிட்டதாகக் கேள்வி. நாளை அந்த வீடு இரட்டிப்பு விலைக்குப் போனால் என் பிள்ளைகள் என்னைக் கேட்பார்கள். கேட்கட்டும், இந்தக் கட்டுரையைக் காட்டுகிறேன்.

சகோதரர்களே! வருஷ முடிவில் ஐந்தொகை எடுக்கும்போது, கடைச் சரக்கை எண்ணி முடித்த பிறகு, நம் பெயரிலுள்ள வீடுகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம். இது குடியிருக்கவா, வாடகைக்கா, விற்கவா என்று அல்லாஹ்வுக்கு அஞ்சிக் கேட்டுக்கொள்வோம். விற்கவென்றால் சரக்கு வரிசையில் எழுதுவோம். கடன் கழிவு முதலிய விவரங்களை ஆலிம்களிடமோ, கெடா ஜகாத் வாரியத்திலோ விசாரித்துக்கொள்ளலாம். மூன்றுமில்லையென்றால், யாரையாவது குடிவைப்போம்.

ஊர் வீட்டுச் சாவியை நான் அனுப்பிவிட்டேன். எங்கள் தெரு ஓதுபள்ளி ஹஜ்ரத் தம் குடும்பத்தோடு இப்போது அங்கே இருக்கிறார்.

நமது நிய்யத்துகளைச் சீராக்கி, நமது வியாபாரத்தில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.