அடுத்தவர் கணக்கில் உங்கள் சம்பளமா?

ஜெர்மனியில் வதிவிட அனுமதிக்காகக் காத்திருக்கும் நம்மவர் சிலர், "நமக்கு வங்கிக் கணக்குத் தரமாட்டார்கள்" என்று நினைத்து, சம்பளத்தை நண்பர் கணக்கில் போடச் சொல்கிறார்கள். நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். நாளை அவர் மவுத்தாகிவிட்டால்? பணம் வாரிசுகள் கையில்; உங்களிடம் என்ன ஆதாரம்? கடனை எழுதிவைக்கச் சொல்வதுதான் குர்ஆனின் மிக நீண்ட வசனம், 2:282. அமானிதத்துக்கு மட்டும் எழுத்து வேண்டாமா?

2016 ஜூன் முதல் அங்கே சட்டமே இருக்கிறது. அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவரும் 'பாசிஸ்கோண்டோ' எனும் அடிப்படைக் கணக்கைத் தம் பெயரிலேயே கேட்கலாம். 10 வேலை நாட்களுக்குள் வங்கி பதில் தர வேண்டும். மறுத்தால், வங்கிகளை மேற்பார்க்கும் 'பாஃபின்' அலுவலகத்தில் முறையிடலாம். பொதுவாக இருப்பில் உள்ளதை மட்டுமே எடுக்கும் கணக்கு இது. வட்டிக்கடன் தலையில் ஏறாது, அல்ஹம்துலில்லாஹ்.

குடிவரவு அலுவலகம் தந்த, உங்கள் படம் ஒட்டிய தாளோடு திங்கட்கிழமையே போங்கள். நண்பரிடம் ஏற்கெனவே இருப்பதை இன்று அஸருக்குள் இரண்டு சாட்சிகளோடு எழுதிவிடுங்கள்.